சாமி வந்திருக்கேன்

கார்த்திகை எப்போது பிறக்கும் என்று வருஷம் முழுக்கக் காத்துக்கிடக்கிற பெண்ணை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நெல்லிக்குப்பம் பொன்னி அப்படித்தான் கிடந்தாள். அன்றைக்குத்தான் அவள் புருஷன் கலியமூர்த்தி ஐயப்பனுக்கு மாலை போடுவான். ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். மற்ற நாளெல்லாம் வண்டியை நிறுத்திய கையோடு குடிக்கப் போவான், வந்து சோற்றுச் சட்டியை உதைப்பான். ஒரு தடவை பிடித்துத் தள்ளியதில் கதவு நிலையில் மோதி அவள் புருவம் கிழிந்துபோனது. மஞ்சக்குப்பத்தில் தான் கூட்டிப் பெருக்குகிற ஆபீசில் கேட்டவர்களிடம் மாடு முட்டிவிட்டது என்று சொன்னாள். அவளிடம் ஏது மாடு?

மாலை ஏறிவிட்டால் ஆளே வேறு. விடிவதற்குள் பச்சைத் தண்ணீரில் குளியல், கறுப்பு வேட்டி, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. பெண்டாட்டியும் சாமி, ரெண்டாம் வகுப்பு படிக்கிற மகள் இலக்கியாவும் சாமி.

"சாமி, ஹோம்வொர்க் முடிச்சிட்டீங்களா?" என்பான். குழந்தை அவன் மடியை விட்டு இறங்காது.

பார்க்கப் பார்க்கப் பொன்னிக்கு வயிறு எரியும். குடியை விடவே முடியாதவன் என்றால் தலையெழுத்து என்று இருந்துவிடலாம். கார்த்திகையிலிருந்து தை வரைக்கும் விட முடிகிறதே பாவிக்கு. மலையில் இருக்கிற சாமிக்குப் பயந்து விடுகிறவன், வீட்டில் இருக்கிற பிள்ளைக்காக விடக் கூடாதா?

போன தை மாதம் மலையிலிருந்து திரும்பினான். பெற்ற தாய் இல்லாததால் கதிர்வேல் குருசாமிதான் மாலையைக் கழற்ற வந்தார். அவர் கையை நீட்டியதும் இலக்கியா ஓடிவந்து தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"கழட்டாதீங்க சாமி. கழட்டினா அப்பா வந்துடுவாரு."

குருசாமி கையை இழுத்துக்கொண்டார். கலியமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்பா இனிமே வர மாட்டாரு கண்ணு. சாமிதான் வருவேன்" என்று பிள்ளையின் தலையில் கை வைத்தான்.

மாலை சாமி படத்துக்குப் போனது. பொன்னி அன்றைக்கு மனசு குளிரச் சமைத்தாள். நம்பினாள், என்ன செய்வது?

அந்த வாரமே ஒரு சாயங்காலம், ஸ்டாண்டு போடாத பைக் வாசலில் சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். இலக்கியா கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

கதவை இரண்டு தட்டு தட்டினான். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டான்.

"இலக்கியா, சாமி வந்திருக்கேன். கதவத் தொறங்க சாமி."

குழந்தை முகமெல்லாம் சிரிப்பாக ஓடியது. பொன்னி எட்டிப் பிடிப்பதற்குள் தாழ்ப்பாளை எடுத்துவிட்டது. சாராய நாற்றம் முதலில் உள்ளே வந்தது, அவன் பின்னால் வந்தான்.

"ஏமாந்துட்டியா?" என்று பிள்ளையைப் பார்த்துச் சிரித்தான்.

எத்தனையோ அடியைப் பொறுத்தவள் அந்தச் சிரிப்பைப் பொறுக்கவில்லை. விடிந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் தெருவில் எவன் பைக்காவது விழுந்தால் அவள் கை தானாகக் கதவுக்குப் போகும்.

மறு கார்த்திகையில் கறுப்பு வேட்டியோடு அங்கே வந்து நின்றான். "சாமி" என்று வாசலிலிருந்து கூப்பிட்டான். குடிக்காத குரல்தான். பொன்னிக்கே எழுந்து போகத் தோன்றியது. அதற்குள் இலக்கியா தாழ்ப்பாளைப் போட்டுவிட்டாள்.