துவக்குக்காக எழுதிய மரணம்

தம்பிக்குத் துவக்கு வாங்க வேண்டுமென்றால் அப்பா முதலில் சாக வேண்டியிருந்தது. இதை நான் கேலிக்குச் சொல்லவில்லை. சட்டம் அப்படித்தான் கேட்டது.

துவக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எங்கள் வயல் வட்டையில் பக்கத்து வயல்காரர் அதை வைத்திருந்தார்; ஓட்டமாவடி முஸ்லிம் பெரியவர், நாங்கள் காக்கா என்போம். முழங்கால் ஏலாமல் போய் அவர் வேளாண்மையையே விட்டுவிட்டார். பயிர்க்காவலுக்கென்று அனுமதியோடு வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கியைத் தம்பிக்கே விற்பதாகச் சொன்னார். அந்தப் போகத்தில் பன்றிகள் எங்கள் வயலை உழுது தள்ளியிருந்தன. யானைக்கு வெடி கொளுத்திப் போட்டால், அது காதை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே மேய்ந்தது. தம்பி வீட்டுக்கு வருவதையே மறந்து காவல் பரணில் கிடந்தான்.

“அனுமதி வரும்வரைக்கும் சும்மா தாங்க காக்கா, சத்தத்துக்காவது வெச்சிருப்பம்” என்று அவரிடம் கேட்டுப் பார்த்தான்.

“துவக்கு என்ர துவக்குத்தான் தம்பி. பெமிட்டும் என்ர பேருக்குத்தானே. ஒரு ராவைக்கு ஒங்கட கையில தந்தாலும் ரெண்டு பேரும் உள்ளுக்குத்தான். நீங்க அனுமதிய எடுங்க, மறுகா சாமானத் தாறன்.”

எனக்கும் எரிச்சல் வந்தது. ஆனால் துவக்குகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு அவருடைய பயம் புரியாமலா போகும்?

அரசாங்கக் கந்தோர் ஏறி இறங்குவது எங்கள் வீட்டில் என் வேலை. தம்பி கோபக்காரன். நான் அவனைவிடக் கோபக்காரி, ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வரிசையில் நிற்கத் தெரிந்தவள். பிரதேச செயலகத்தில் இருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்துக்கொண்டால் துவக்கு கைமாறாது. வாங்குபவரின் பெயரில் காணி இருக்க வேண்டும். அதில் பயிர் அழிந்தது உண்மை என்று கமநல நிலையம் சொல்ல வேண்டும். ஆள் நல்லவன் என்று கிராம சேவகர் எழுத வேண்டும், பொலிஸ் விசாரிக்க வேண்டும், கடைசியில் கொழும்பு தலையாட்ட வேண்டும். எல்லாம் செய்யலாம். காணிதான் இன்னும் அப்பாவின் பெயரில் கிடந்தது.

யுத்த காலத்தில் ஒரு காலை, தண்ணீர் இறைக்கும் மெஷினுக்குச் சாமான் வாங்க வாழைச்சேனைக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அப்படிப் போனவர்களுக்கு ஊரில் பலர் மரணச் சான்றிதழ் எடுத்தார்கள். அம்மா எடுக்கவில்லை. வருடா வருடம் வாக்காளர் பதிவுக்குக் கிராம சேவகர் வந்தால், அப்பாவின் பெயரையும் எழுத வைத்துவிட்டுத்தான் அவரை வாசல் தாண்ட விடுவார். காணாமல் போனவர் என்பதற்கும் ஒரு சான்றிதழ் உண்டு. அதை வைத்துக் காணியைப் பெயர் மாற்ற ஏலாது என்றார்கள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

“ஒரு துவக்குக்காக அந்த மனிசனக் கொல்லச் சொல்றியா புள்ள?”

அதற்குப் பிறகு நானும் பேச்செடுக்கவில்லை. தம்பியும் எடுக்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு விடியலில் யானை தம்பியின் பரணை இழுத்து விழுத்தியது. தேத்தண்ணி வைக்க அவன் கீழே இறங்கி வாய்க்கால் கரைக்குப் போயிருந்ததால் தப்பினான். சேதி கேட்டு அம்மா வயலுக்கு ஓடினார். முறிந்த கம்புகளுக்கிடையில் சேற்றில் கிடந்த அவனுடைய சாரத்தை எடுத்து, பிழிந்து, தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். “நாளைக்குக் கந்தோருக்குப் போவம்” என்றார்.

போனோம். “இறந்த திகதி?” என்று கேட்டார்கள். அப்பா வீட்டைவிட்டுப் போன நாளை நான் சொன்னேன்.

“அண்டைக்கு அவர் சாகல்ல” என்றார் அம்மா. “அண்டைக்கு விடிய என்னோட கதைச்சிட்டுத்தானே போனவர்.”

“அப்ப என்ன திகதி போட அம்மா?”

“நீங்களே பாத்துப் போடுங்க. ஒங்களுக்குத்தானே அவர் சாகவேணும்.”

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு எடுத்து, நான் சொன்ன நாளையே எழுதினார். அம்மா கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும், செத்தவீட்டுக்குப் போய் வந்தவர்போல நேரே கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினார். நான் குசினிக்குள் போய் அழுதேன். எனக்கு அப்பா அன்றைக்குத்தான் செத்தார்.

சான்றிதழ் வந்து, காணி தம்பியின் பெயருக்கு மாறியது. பொலிஸில் பன்றியைப் பற்றிக் கேட்டதைவிட அப்பாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். யார் கொண்டுபோனது, ஏன் கொண்டுபோனது, எந்த இயக்கத்தோடு தொடர்பு. எங்களுக்குத் தெரியாததையெல்லாம் தம்பியிடம் கேட்டார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னான். நெடுநாள் கழித்துக் கொழும்பிலிருந்து மறுமொழி வந்தது. அனுமதி இல்லை. காரணமும் இல்லை.

வேளாண்மை செய்யாதவர் என்பதால் காக்காவுக்கும் அனுமதியைப் புதுப்பிக்க வழியில்லாமல் போய்விட்டது. துவக்கைப் பொலிஸில் ஒப்படைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். “எனக்கும் இல்ல, ஒங்களுக்கும் இல்லாமப் போச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். தம்பி புதுக் கம்பு வெட்டி மறுபடி பரண் கட்டினான். பழையபடி வெடிகளைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேதான் போகிறான். அவன் திரும்பி வரும்வரைக்கும் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

இந்த வருடமும் வாக்காளர் பதிவுக்குக் கிராம சேவகர் வந்தார். அம்மாவின் பெயர், என் பெயர், தம்பியின் பெயர் எல்லாம் எழுதிப் பேனாவை மூடினார்.

“புள்ளைகள்ர அப்பாட பேர விட்டுட்டீங்க” என்றார் அம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். “அம்மா, அவருக்கு மரணச் சான்றிதழ் எடுத்தாச்சே” என்றார் மெதுவாக.

“ஓம், எடுத்ததுதான். துவக்குக்காக எடுத்தது. துவக்குத்தான் நீங்க தரல்லயே” என்றார் அம்மா. “பேர எழுதுங்க.”