பதினொரு ஒன்றுகள்

ஹட்டன் பஸ் நிலையத்தில்தான் செய்தி கிடைத்தது. முன்பு நான் ஆசிரியராக இருந்த மஸ்கெலியாத் தோட்டத்தின் கணக்கப்பிள்ளை என்னைக் கண்டு நின்றார். "மாஸ்டர், நம்ம டிஸ்பென்சர் ஐயா போயிட்டாங்க. நீங்க இருக்கிற பூண்டுலோயாவுக்குச் சொல்லி அனுப்ப ஆள் கெடைக்கல. நேத்தே எடுத்துட்டோம்."

தோட்டத்தில் இதைப் படிக்கும் உங்களில், மருந்தகத்து டிஸ்பென்சர் கோவிந்தராஜு ஐயாவின் கையால் மருந்து வாங்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மத்தியானம் கூட்டம் கலைந்ததும் அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்பது சிலருக்கே தெரியும். ஒன்று என்ற இலக்கத்தைப் பதினொரு தடவை அடுத்தடுத்து எழுதினால் வரும் எண், 11111111111, எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஒன்றுகளை மூன்று வகுக்கும். ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்று வகுக்கும். ஏழு ஒன்றுகளை 239 வகுக்கும். பதினொன்றில் மாட்டிக்கொண்டார்.

"இது பகா எண்ணாத்தான் இருக்கணும் மாஸ்டர்" என்பார். அதை உறுதியாகச் சொல்ல, ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். பத்தாயிரம் வகுத்தல்கள். குறுக்கு வழி இருந்திருக்கலாம். சொல்லித்தர எங்களுக்கு யாருமில்லை.

அவருடைய இலங்கைக் குடியுரிமை மனு தள்ளுபடியான வாரத்தில் தொடங்கிய வேலை அது. ஐயாவின் அப்பா இந்த நாட்டில் பிறந்ததற்குப் பத்திரம் கேட்டார்கள்; அவரிடம் இல்லை. "நான் யாருன்னு நிரூபிக்க முடியல. இதையாவது நிரூபிச்சுடுறேன்" என்றார்.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல். பென்சில் பிடிக்க முடியவில்லை. "ஒரு வாரம் நீங்க போடுங்க மாஸ்டர். நின்னுட்டா மறுபடி தொடங்க மனசு வராது." போட்டேன். பிறகு அவரே எட்டு வருஷம் தொடர்ந்தார்.

கடைசி வகுத்தலிலும் மீதி வந்த அன்று அவர் மனைவி சிவகாமி அம்மாள் கேசரி கிண்டினார். ஐயா கொழும்பிலிருந்த ஒரு கணிதப் பேராசிரியருக்கு எழுதினார். பதில் நான்கு வரிதான். அது பகா எண் அல்ல. 21649, 513239 இரண்டின் பெருக்கம். வெகுகாலம் முன்பே கண்டுபிடித்தாயிற்று.

கடிதத்தின் பின்பக்கத்தில் என் எதிரிலேயே பெருக்கினார். பதினொரு ஒன்றுகளும் வந்தன. எழுந்து பழைய நோட்டுகளை இறக்கி, 21649 இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தார்.

அது என் கையெழுத்து. 84431-இலிருந்து 64947-ஐக் கழித்தால் 19484. நான் 19474 என்று எழுதியிருந்தேன். சரியாகக் கழித்திருந்தால் முடிவில் மீதி பூச்சியம். என் கணக்கில் 21549 மீதி.

"என்னங்க ஆச்சு?" என்று உள்ளேயிருந்து அம்மாள் கேட்டார்.

ஐயா நோட்டை மூடினார். "காய்ச்சல்ல போட்டது. கை நடுங்கியிருக்கு."

என் எழுத்து அவருக்குத் தெரியும். 'அது நான் போட்டதுங்க' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த மாதமே மாற்றல் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் பென்சிலைத் தொடவில்லையாம். மத்தியானங்களில் ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது, எனக்காக அவர் சொன்ன அந்தப் பொய் ஒன்றுதான். சிவகாமி அம்மாளுக்கு யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். ஐயாவின் கை நடுங்கவில்லை.