காப்புக் கையோடு எல்லை தாண்டினேன்

அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ரொட்டி சுடாத வீடு கிடையாது. கோதுமை மாவைப் பிசைந்து தட்டிக் கல்லில் போட்டு, தேங்காய்ச் சம்பலோடு தின்றுவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போவோம். அந்த ரொட்டிதான் என் குடலைக் கெடுத்துக்கொண்டிருந்தது என்று பல வருஷம் எனக்குத் தெரியாது. அடிக்கடி வயிற்றால் போகும், உடம்பு மெலியும், இரத்தம் ஊறவே ஊறாது. ஆட்டு மண்ணீரல் இரத்தத்துக்கு நல்லது என்று என் வீட்டுக்காரர் டவுன் இறைச்சிக்கடை முஸ்லிம் நானாவிடம் சொல்லிவைத்து வாங்கி வருவார். மிளகு போட்டு வதக்கி, அதையும் ரொட்டியோடுதான் தின்பேன்.

கடைசியில் கண்டியில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். கோதுமை ஒத்துக்கொள்ளாத வியாதியாம், சீலியாக் என்று பெயராம். வயிற்றை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்.

“அம்மா, ஒங்க மண்ணீரல் சுருங்கியிருக்கு. இந்த வியாதி உள்ள சிலருக்கு அப்படி ஆகும். ரத்தத்துல வர்ற சில கிருமிகள அதுதான் வடிகட்டிப் பிடிக்கும். ஒங்களுக்கு அது சரியா வேல செய்யல. கோதுமைய அடியோட விட்டா கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம். தடுப்பூசி போடுறோம். ஆனா காய்ச்சல் வந்தா வீட்ல படுத்துப் பார்க்க வேணாம். ஒடனே ஆஸ்பத்திரிக்கு வந்துரணும்.”

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், “ஆட்டு மண்ணீரலா தேடித்தேடி வாங்கிக் குடுத்தேன். கடைசியில ஒன்னோடதே சுருங்கிப்போச்சே புள்ள” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் என் நாத்தனாருக்கு இது பெரிய வேடிக்கை. “தொரமாருக்கு வர்ற நோயில்ல எங்க அண்ணிக்கு வந்திருக்கு! ரொட்டி எறங்காதாம், சோறுதான் வேணுமாம்” என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

கோதுமையை விட்ட பிறகு உடம்பு தேறியது. மறுபடியும் கூடையோடு மலை ஏறினேன். தேறினால் பால்குடம் எடுக்கிறேன் என்று மாரியாத்தாவுக்கு நேர்ந்திருந்தேன். அந்த வருஷத் திருவிழாவில் பூசாரி என் கையில் மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டினார். கட்டினால் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. நான் எங்கே போகப்போகிறேன் என்று நினைத்தேன். பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தேன். தலையில் குடத்தை வைத்து, தப்பு மேளச் சத்தத்துக்கு நடுவே ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு நடக்கப்போவதை நினைத்து நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை.

குடம் எடுப்பதற்கு முந்தின நாள் பின்னேரம் குளிர் எடுத்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. நாத்தனார் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“ஆத்தா எறங்கியிருக்கா அண்ணி. காப்பு கட்டுன ஒடம்பு சுடத்தான் செய்யும். வேப்பிலய போட்டுப் படுங்க, காலையில கொடம் தூக்கலாம்.”

அதை நம்பத்தான் எனக்கும் ஆசை. அதற்குள் என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார்.

“எந்திரி புள்ள.”

“காப்போட எல்லைய தாண்டச் சொல்றீங்களா? குத்தமாயிரும்ங்க.”

“குத்தம் எனக்கு வரட்டும். ஆத்தாகிட்ட நான் பேசிக்கிறேன். நீ ஏறு.”

“மலையில வேல வாங்குற கண்டாக்கையா ஒரு கேள்வி கேட்டாலே ஒனக்கு வாய் வராது. ஆத்தாகிட்ட பேசப் போறியா அண்ணே?” என்றாள் நாத்தனார். ஆனாலும் தன்னுடைய கம்பளியைக் கொண்டுவந்து எனக்குப் போர்த்திவிட்டது அவள்தான்.

எல்லைப் பாலம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். தாயே, உன்னை விட்டுப் போகவில்லை, நீ தேற்றிக் கொடுத்த உடம்பைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் வாசலிலிருந்தே, “மண்ணீரல் வேல செய்யாத ஆளுங்க, காய்ச்சலுங்க” என்று சத்தம் போட்டார். அவ்வளவு பெரிய குரல் அவரிடம் இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உடனே ஊசி ஏற்ற வந்தார்கள். சிங்கள நர்ஸ் காப்பை வெட்டக் கத்தரியை எடுத்தார். கையை இழுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், சாமிக்குக் கட்டியது மிஸ், வெட்ட வேண்டாம் என்றேன். அவர் தன் கையில் புத்த பிக்கு பிரித் ஓதிக் கட்டிய வெள்ளை நூலைக் காட்டினார். கத்தரியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு மற்றக் கையில் ஊசி ஏற்றினார்.

நுரையீரலில் கிருமி என்றார்கள். வீட்டிலேயே படுத்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாதாம்.

மறுநாள் காலை, குடங்கள் ஆற்றங்கரையை விட்டுக் கிளம்பும் நேரம், காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். அத்தனை தூரத்துக்குத் தப்புச் சத்தம் எப்படிக் கேட்கும்? ரோட்டில் பஸ் போகிற சத்தம்தான் கேட்டது. போர்வைக்குள் அழுதேன்.

பின்னேரம் என் வீட்டுக்காரர் திருநீறு கொண்டுவந்தார். “பூசாரி ஒன் கொடத்த வெறுங்கொடமா ஆத்தா முன்னாடி வச்சிருக்காரு. நீ வந்துதான் தூக்கணுமாம்.”

“கோவம் இல்லியாங்க?”

“யாருக்கு, பூசாரிக்கா?”

“ஆத்தாவுக்கு.”

“அதான் நான் பேசிக்கிறேன்னு சொன்னேன்ல.”

நான் வீடு திரும்புவதற்குள் அந்தத் திருவிழா முடிந்துவிட்டது. இந்த வருஷத் திருவிழா நெருங்குகிறது. மண்ணீரல் பழையபடி ஆக வேண்டுமென்று நான் கேட்பதில்லை. காப்புக் கட்டியதிலிருந்து குடம் இறக்கும்வரை உடம்பு சுடாமல் இருந்தால் போதும் தாயே என்றுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன். சுட்டால் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்றும் சொல்லிவைத்திருக்கிறேன். நடக்கும்போது பால் தளும்பி வழிந்தால் பிடரியெல்லாம் சில்லென்று இருக்குமாம். எடுத்தவர்கள் சொல்கிறார்கள்.