மூன்று மணிகளுக்கு ஒரு டியூஷன்

போன செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். தப்பு செய்தது நான் மட்டுமில்லை. ஆனால் டாக்டர் என்னைத்தானே பார்த்தார்!

அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், ஆலங்குடியில் ஸ்கூல் வேன் ஓட்டுபவர். சில மாதம் முன்பு பைக்கிலிருந்து விழுந்து நெற்றியில் அடி. காயம் ஆறிவிட்டது. எந்தப் பிள்ளை எந்த ஸ்டாப்பில் ஏறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஆனால் தண்ணீர் டேங்க் நிரம்பி வழிந்தால் குடத்தோடு மாடிக்கு ஓடிப் பிடிப்பார்... மோட்டாரை நிறுத்தத் தோன்றாது.

"பேச்சு, ஞாபகமெல்லாம் சரி. அடிபட்டது மூளையோட முன்பக்கம். அடுத்து என்ன செய்யணும்னு திட்டம் போடுற இடம் அது" என்றார் டாக்டர், முதல் தடவை போனபோது. ஒரு பலகையை வைத்தார். மூன்று குச்சி, மூன்று கலர் மணி. அட்டையில் இருக்கும் படம்போல் மாற்றி அடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஒரு மணிதான்.

மச்சான் மூன்றையும் ஒரே பிடியாக உருவினார். "எதுக்கு சார் ஒண்ணொண்ணா?"

இப்போதைக்கு வேன் ஓட்டக் கூடாது, அடுத்த மாதம் வாருங்கள் என்றார் டாக்டர்.

அக்கா விடுவாளா? "தம்பி, அதே மாதிரி பலகை ஒண்ணு செஞ்சு குடுறா."

அக்காவிடம் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. செய்தேன். வீட்டில் டியூஷன் ஆரம்பம்! "ஏங்க, செவப்ப அங்கிட்டு வைங்க. பச்சைய இங்கிட்டு... ம், இப்ப நீலம்." பத்தாம் வகுப்பில் நான் கைடை மனப்பாடம் செய்த அதே முறை.

செவ்வாய்க்கிழமை மச்சான் அட்டையைப் பார்க்கவே இல்லை. சடசடவென்று அடுக்கி முடித்தார். அக்கா முகத்தில் வெளிச்சம். டாக்டர் மணிகளைப் பழைய இடத்தில் மாட்டி, வேறு படத்தை வைத்தார். மச்சான் மறுபடியும் முதல் படத்தையே அடுக்கினார்.

"முடிஞ்சிருச்சு சார். நாளைக்கு வேன் எடுக்கலாம்ல?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்ல பழக்குனீங்களா?"

"அய்யய்யோ, இல்லவே இல்ல சார்" என்றாள் அக்கா.

அந்த வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவள் என் மகள்.

"ஆமா சார். பலகை நான் செஞ்சதுதான்."

வேன் சாவி கைக்கு வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆலங்குடி நெருங்கும்போது மெல்லக் கேட்டாள்: "அந்த ரெண்டாவது படத்தப் போட்டோ எடுத்தியாடா?"

டாக்டர், அடுத்த மாதம் மச்சான் பக்கத்தில் அக்காவுக்கும் ஒரு நாற்காலி போட்டு, ஒரு பலகை வையுங்கள்... எனக்கும்தான்!