மாட்டுக் கொட்டாய்க்குப் பூக் கேட்ட நாள்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே ஆறு வருஷம் போய்விட்டது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்கு மேல் கை ஓடாது. சுழி மட்டும் போட்டு நிறுத்திய பக்கங்கள் அந்த நோட்டில் நிறைய இருக்கின்றன. சாமி அடையாளத்தை மேலே போட்டுவிட்டு, சாமியை ஏமாற்றியதைக் கீழே எப்படி எழுதுவது? நான் எட்டாவது வரை படித்தவன். செவ்வாய், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். ஊரில் என்னை நல்ல மனுஷன் என்கிறார்கள். அதுதான் எழுத விடாமல் இத்தனை நாள் தடுத்தது.

எங்கள் ஊர் மொரப்பூருக்கும் கடத்தூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. என் வீடும் செத்துப்போன என் அண்ணன் வீடும் ஒட்டினாற்போல, ஒரே வாசல். வாசலுக்கு நேர் எதிரே எங்கள் அப்பா கட்டிய மாட்டுக் கொட்டாய். கல்தூண், மண்சுவர், மேலே நாட்டு ஓடு. ஒரு காலத்தில் ஆறு மாடு கட்டியிருந்தோம். கடைசியில் அண்ணியின் கறவை மாடு ஒன்றுதான் மிச்சம். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. விடிந்தால் அவருக்கு அந்தக் கொட்டாய்தான்.

அண்ணியின் கையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். யார் வீட்டில் மாடு கன்று போட்டாலும் முதல் பால் கறக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். உதைக்கிற மாடுகூட அவர் கைபட்டால் நிற்கும். அண்ணன் போன பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எதிலும் அவரை யாரும் முன்னால் நிற்கக் கூப்பிட்டதில்லை. ஆனால் சீம்பால் கறக்க மட்டும், "உங்க கை பட்டாத்தான் பால் நெலைக்கும், வாங்கக்கா" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அவரும் கை கால் கழுவி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, ஒரு நிமிர்வோடு போவார்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் கொட்டாயின் மேற்குச் சுவர் உப்பிக்கொண்டது. ஓரமாய் ஓடும் சரிந்தது. கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் ஏறிப் பார்த்து, கம்பால் தட்டிப் பார்த்து, இறங்கினார்.

"ரெண்டு பனஞ்சட்டத்த மட்டும் செல்லு அரிச்சிருக்குதுங்க. அத மாத்தி, சொவத்த ஒரு பக்கம் எடுத்துக் கட்டி, ஓட்டத் திருப்பி அடுக்கிட்டா இன்னும் ஒரு தலமொறைக்குக் கவலையில்லீங்க."

அண்ணியின் முகம் மலர்ந்தது. என் முகம் மலரவில்லை. இடித்துவிடச் சொல்வார் என்று நினைத்துத்தான் கொத்தனாரைக் கூப்பிட்டிருந்தேன்.

காரணம் இதுதான். என் மகளுக்கு ஓசூரிலிருந்து வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை கம்பெனி வேலை. வீடு பார்க்க வருகிறோம் என்று போன் செய்திருந்தார்கள். காரை விட்டு இறங்கினால் சாணியில் கால் வைக்க வேண்டும். உட்கார்ந்தால் ஈ மொய்க்கும். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் வளர்ந்ததே அந்தக் கொட்டாயின் பாலில்தான். அதைப் பார்த்து எனக்கு வெட்கம்.

"இடிச்சிட்டு வாசல சிமெண்ட் போட்டுரலாங்கண்ணி. மாட்டப் பின்னால புளியமரத்துல கட்டிக்கலாம்."

"மழைக்கு அது எங்க போவும்பா? வாயில்லாத சீவன்."

"எத்தன நாளைக்கு இந்தச் சாணி நாத்தத்துல கெடக்கறது?"

"உங்கொண்ணன் இருந்தா இந்தப் பேச்சு வருமா?"

பத்து நாள் இப்படியே போனது. என் சம்சாரம் இரண்டு பக்கமும் பேசாமல் சோற்றை மட்டும் போட்டாள். கடைசியில் அண்ணியே ஒரு வழி சொன்னார்.

"முனியப்பங்கிட்ட பூக் கேட்டுரலாம் தம்பி. வெள்ளப் பூ வந்தா சீர் பண்ணலாம். செவப்பு வந்தா இடிச்சிரு. சாமி சொன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

எங்கள் குலசாமி முனியப்பன் ஓடைக்கரையில் இருக்கிறார். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது எல்லாம் அவரிடம் பூக் கேட்டுத்தான். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, ஒரு காகிதத்தில் சிவப்புப் பூ, வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்துச் சாமி காலடியில் போடுவோம். ஒன்றை எடுத்துப் பிரிப்போம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி. அதை அப்படியே கொண்டுபோய்க் கோயில் கிணற்றில் விட்டுவிட வேண்டும். பொட்டலம் கட்டுவது குடும்பத்தில் மூத்த ஆம்பிளை. அண்ணன் இல்லாததால் அது நான்.

காலையில் குளித்துவிட்டுப் பூப்பறிக்கப் போனேன். நந்தியாவட்டையில் நாலு பூ கிள்ளிக் கையில் வைத்திருந்தேன். பக்கத்திலேயே சிவப்பு அரளி. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு கையில் இருந்த வெள்ளைப் பூவைச் செடியடியில் போட்டுவிட்டு, இரண்டு காகிதத்திலும் சிவப்பு அரளியையே வைத்து மடித்தேன்.

சாமிக்குப் பயப்படாதவன் என்று என்னை நினைக்க வேண்டாம். முனியப்பனுக்கு இது பிடிக்கவில்லை என்றால், பிரிக்கும்போது பூவை வெள்ளையாக மாற்றிவிடுவார் என்று நிஜமாகவே நம்பினேன். முடிவை அவர் கையில் விட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோயிலில் பங்காளிகள் இருபது பேர் இருந்தார்கள். வழக்கமாகப் பூசாரிதான் எடுப்பார். "அண்ணியே எடுக்கட்டுங்க, சாமி முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான்" என்றேன். என் பெருந்தன்மையைப் பார்த்து ஒரு பெரியவர் தலையாட்டினார். அண்ணி கையாலேயே எடுத்துவிட்டால் பிறகு பேச்சே வராது என்பது எனக்குத் தெரியும்.

அண்ணி முந்தானையைப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ வேண்டினார். இடது பக்கத்தில் இருந்ததைத் தொட்டு, விட்டுவிட்டு, வலது பக்கத்தில் இருந்ததை எடுத்தார். பூசாரி பிரித்தார்.

சிவப்பு.

அந்த நிமிஷம் எனக்கே, சாமிதான் சொல்லிவிட்டது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

மிச்சப் பொட்டலத்தைக் கிணற்றில் விடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். ஆளாளுக்குப் பேச்சுக் கொடுத்ததில் சட்டைப் பையில் போட்டவன் மறந்துவிட்டேன். மறுநாள் துணி ஊறவைத்த என் சம்சாரம் ஈரக் காகிதத்தோடு வந்து நின்றாள்.

"ஏங்க, எடுத்தது செவப்பு. அப்ப இதுல வெள்ளதான இருக்கணும்?"

நான் அதை வாங்கக் கையை நீட்டினேன்.

"சாமி சோலிங்க இது."

"கல்யாணம் முடியட்டும்" என்றேன். அவள் பூவைக் கொண்டுபோய்ச் செடிக்கடியில் புதைத்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை.

கடப்பாரையோடு நாலு பேர் வந்து இரண்டே நாளில் இடித்தார்கள். அண்ணி ஓடுகளை ஒவ்வொன்றாக வாங்கி, உடையாமல் சுவரோரம் அடுக்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. புளியமரத்தடியில் மாடு ஒரு மழைக்காலம் நனைந்தது. பிறகு அண்ணி அதை மொரப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். சிமெண்ட் வாசலில் காரை நிறுத்தினார்கள். மாடு அப்போது இன்னும் புளியமரத்தடியில்தான் இருந்தது, ஆனால் பால் வற்றியிருந்தது. காப்பியை ஒரு வாய் குடித்த மாப்பிள்ளையின் அம்மா சிரித்தார்.

"என்னங்க, பாக்கெட் பாலா? ஊர்ப்பக்கம் போறோம், நல்ல காப்பி கெடைக்கும்னு வண்டியில வர்றப்பல்லாம் சொல்லிட்டு வந்தேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தார். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மகள் நன்றாக இருக்கிறாள்.

அதோடு முடிந்திருந்தால் நான் மறந்தும் இருப்பேன். ஆனால் அடுத்த வருஷம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அண்ணியைத் தேடி வந்தாள். வீட்டுக்குள் இருந்த எனக்குப் பேச்சுக் கேட்டது.

"அக்கா, மாடு கன்னு போட்டுருக்குது. வந்து பால் கறந்து குடுங்க."

"வேற ஆரயாச்சும் கூப்டுக்க கண்ணு. என் கையில சாமி செவப்புப் பூவக் குடுத்துருச்சு. இந்தக் கை ஆவாது."

அவள் இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு யாரும் வந்து கூப்பிடவில்லை. அண்ணி முன்பு சீம்பால் கறந்துகொடுத்த ஒரு மாடு செத்தபோது, "முனியப்பனே வேண்டாம்னு சொன்ன கை, நல்லவேளை நாங்க கூப்புடல" என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. அண்ணியோ, அண்ணன் காய்ச்சலாகக் கிடந்தபோது பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டு செய்யாமல் விட்டதால்தான் சாமிக்குக் கோபம் என்று நினைத்து, தனியாகப் போய்ப் பொங்கல் வைத்துவிட்டு வந்தார். அந்தப் பொங்கலை எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். சாப்பிட்டேன்.

போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, திருநீறு பூசிக்கொண்டு கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். பார்க்க முடியவில்லை. நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். முறத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நந்தியாவட்டையைக் கீழே போட்டது, இரண்டு பொட்டலம், சட்டைப் பை, எல்லாம்.

அவர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, சாமி எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லீங்கண்ணி."

"ஆறு வருசமா நான் ஆருகிட்டப்பா மன்னிப்புக் கேட்டுட்டு இருந்தேன்?"

நான் காலில் விழப்போனேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எனக்குச் சொல்லி என்ன ஆவப்போவுது? அன்னிக்கு என் கையப் பாத்தாங்க பாரு, அத்தன பேருக்கும் சொல்லு. போ."

அவ்வளவுதான் சொன்னார். மறுபடியும் அவரைக்காயை எடுத்துக்கொண்டார். என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியமும் இல்லை.

கோயிலில் எல்லார் முன்னும் நின்று சொல்லப் போனேன். கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குச் சுழிக்குக் கீழே கை ஓடிவிட்டது.

படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இதைத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள், ஆனால் எழுதியிருக்கிற மாதிரியே சொல்லுங்கள். மகளுக்காகச் செய்தான் பாவம் என்று எனக்காக ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளிதான் இருந்தது, கட்டியது நான், எடுத்த கையில் ஒரு குற்றமும் இல்லை. எங்கள் மேற்கு வீட்டு மாடு இந்த மாதக் கடைசியில் கன்று போடும் என்கிறார்கள். அதற்குள் அவர்கள் காதுக்கு இது போய்ச் சேர வேண்டும்.