எலும்பு நீட்டிய கிழவர்

எழுபதுகளில், சிட்னிக்கு வந்த புதிதில், ஒரு நூலகத்தில் தட்டெழுத்து வேலை கிடைத்தது. வெள்ளைக்காரக் குடியேறிகள் கையால் எழுதிவைத்த பழைய குறிப்பேடுகளைப் பார்த்து அடித்துக் கொடுக்க வேண்டும். சுலபமான வேலையாம்! ஒரே ஒரு குறிப்பேடு என் நிம்மதியைக் கெடுத்துவிட்டது.

எழுதியவன் ஓர் ஆட்டுப்பண்ணைக்காரன். ஆற்றங்கரையில் இருந்த ஆதிக்குடிக் கிழவர் ஒருவர் கோபத்தில் தன் சனத்தை நோக்கி எலும்பை நீட்டிச் சபித்தாராம். இரண்டு நாளில் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு செத்தார்களாம். செய்வினை என்றால் சும்மாவா? சித்தப்பாவின் வயிற்றுவலிக்கு வளவைத் தோண்டித் தகடு எடுத்தவர்கள் நாங்கள்.

"இஞ்சேருங்கோ, அந்தக் கொப்பியைத் தொடவே பயமாக் கிடக்கு" என்றேன் கணவரிடம்.

"படிச்ச மனுசி கதைக்கிற கதையே இது? உமக்கு விசர்!" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நூலகத்தைத் துப்புரவாக்கும் பெண் ஆதிக்குடியைச் சேர்ந்தவள். மத்தியானம் என்னோடுதான் சாப்பிடுவாள். மறுநாள் நான் அந்த ஆற்றின் பெயரையும் எலும்பு நீட்டிய கிழவரைப் பற்றியும் சொன்னதும் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கிழவர் என் அம்மாவின் தாத்தா. அவருடைய மகள் வேறு பண்ணையில் வேலைக்கு நின்றதால் தப்பினாள். சொந்தச் சனத்தையே கொன்றவனின் வம்சம் என்று எங்களைச் சொல்வார்கள். என்ன எழுதியிருக்கிறது? முழுதும் சொல்."

சொன்னேன்.

"அவரும் செத்தாரா?"

"ஓம்."

"தன்மேலேயே எலும்பை நீட்டிக்கொண்டாரா? அதற்கு முன் எல்லாரும் என்ன சாப்பிட்டார்கள்?"

சீ, என் மூளைக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றவே இல்லையே! மாடியில் இருந்த என் மேசைக்கு ஓடிப்போய்க் குறிப்பேட்டைப் புரட்டினேன். சாபத்துக்கு நாலு வரி முன்னால் இருந்தது. பண்ணைக்காரன் ஆற்றங்கரைச் சனத்துக்கு ஒரு மூட்டை மாவு அனுப்பினானாம். தன் நாய்கள் அந்தப் பக்கம் போகாதபடி மூன்று நாள் கட்டிவைக்கச் சொன்னானாம். அதை நான்தான் அடித்திருந்தேன். எலும்பைத் தவிர வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

பின்னால் வந்தவள் அந்த வரிகளை விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தாள். அழவில்லை.

"எனக்கு ஒரு பிரதி அடித்துத் தா."

"நாளைக்குத் தரட்டுமா?"

"அம்மா பிறந்ததிலிருந்தே தன் தாத்தாவை வெறுத்துக்கொண்டிருக்கிறாள்," என்றாள். "இன்றைக்கே தா."