நாளைக்கு எப்படி இருப்பீங்க?

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி செருமியது. மன்னாரைப் பிறப்பிடமாகவும் தில்லையடியை வசிப்பிடமாகவும் கொண்ட ஒருவர், இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, மௌத்தாகிவிட்டதாக, காலமாகிவிட்டதாக, அறிவித்தார்கள். தகப்பன் பெயரும் கணவன் பெயரும் எனக்குப் பழக்கமில்லாதவை. மகள் ஆம்னாவுக்குத் தொடர்ந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ராத்தா வேலிக்கு மேலால் எட்டி, "நம்மட டொக்டர் றஹீமாதான் புள்ள. நெஞ்சு வருத்தமாம்" என்றா. கையிலிருந்த கவளத்தை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

அவரை அறிந்த உங்களில் பலர் அந்த வாரமே எழுதிவிட்டீர்கள். கைராசியைப் பற்றி, காசு வாங்காமல் பார்த்ததைப் பற்றி, பாலாவிச் சந்தியில் பஸ் மோதிக் கிடந்தவரைத் தன் காரில் ஏற்றிப் போனதைப் பற்றி. நான் தாமதமாகத்தான் வருகிறேன். ஏன் தாமதம் என்று அவர் ஒருவருக்கு மட்டும் விளக்கத் தேவையிருந்திருக்காது.

ஆம்னா தவழத் தொடங்கிய காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் போனது, நான் எழும்பவில்லை. தலை வாரினால் கை ஓய்ந்துவிடும். பிள்ளையைக் குளிப்பாட்டிய மறுநாள் சுவரைப் பிடித்துத்தான் நடப்பேன். எவ்வளவு தூங்கினாலும் தூங்கியது போலிருக்காது. இரத்தம் சோதித்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் என் கேடு. மாம்புரியில் வெங்காயத் தோட்டம் பார்க்கும் என் மாமி, என் கணவரின் தாய், கெட்டவர் அல்ல. அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான். "ரிப்போட் எல்லாம் நல்லா ஈக்கிதென்டா வருத்தம் எங்க ஈக்கிது?" பட்டம் படித்த பெண்ணுக்கு வீட்டு வேலை கசக்கிறது என்று சொந்தத்துக்குள் கதை வந்தது. பிறகு ஒருநாள், ஆம்னாவை மாம்புரிக்குக் கொண்டுபோய்த் தானே வளர்ப்பதாக மாமி சொன்னா. என் கணவர் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, மறுத்துப் பேசத் தெம்பில்லை. கடைசியாக ஒரு டொக்டரைப் பார்ப்போம், அவரும் ஒன்றுமில்லை என்றால் பிள்ளையை அனுப்பிவிடுவோம் என்று முடிவானது.

டொக்டர் றஹீமாவிடம் போன அன்று நான் நன்றாகத்தான் இருந்தேன். நாலு பேர் பார்க்கும் இடத்துக்குப் போவதென்றால் நம் பெண்கள் எப்படிப் போவோம் என்று உங்களுக்குத் தெரியும். முந்தின நாட்களில் ஒரு வேலையும் செய்யாமல் படுத்துக் கிடந்து தெம்பு சேர்த்து, அயன் செய்த அபாயா உடுத்து, கண்ணுக்குச் சுர்மா போட்டுப் போய் அமர்ந்தேன். அவர் ரிப்போட்டுகளைப் புரட்டினார். என்னைப் பார்த்தார். மற்றவர்கள் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இங்க வாறதுக்காக எத்தின நாள் படுத்துக் கிடந்தீங்க?"

நான் கூட வந்திருந்த மாமியைப் பார்த்தேன். "சரி. இன்டைக்கு இருக்கிற உங்களப் பார்த்தாச்சு. நாளைக்கு எப்படி இருப்பீங்க?" என்றார்.

கைப்பிடியின் பலத்தை அளக்கும் சிறு கருவி ஒன்றைத் தந்து, திரும்பத் திரும்ப அழுத்தச் சொன்னார். மறுநாளும் வரச் சொன்னார். "ஒருநாளைக்குப் பார்த்தது போதாதா, இவ டொக்டரா இல்ல டியூசன் டீச்சரா" என்று ஆட்டோவில் மாமி முணுமுணுத்துக்கொண்டு வந்தா.

மறுநாள் நான் எழும்பவில்லை. வர முடியாது என்று சொல்ல மாமிதான் தொலைபேசி எடுத்தா. "அதத்தான் நான் பார்க்க வேணும்" என்று சொல்லிவிட்டு, டிஸ்பென்சரியை மூடிக்கொண்டு டொக்டரே வந்தார். கட்டிலோரம் அமர்ந்து அதே கருவியை என் கையில் வைத்தார். முதல் அழுத்தலிலேயே முள் நேற்றைய இடத்துக்குக் கிட்டவும் போகவில்லை. அழுத்த அழுத்த இன்னும் இறங்கியது. அடுத்து அதை மாமியிடம் நீட்டினார். மாமி அழுத்தினா, முள் மேலே பாய்ந்தது. "தேங்கா உரிச்ச கை இது" என்று சிரித்த மாமி, சிரிப்பு அடங்கியதும் என் விரல்களைத் தூக்கிப் பார்த்தா. "நேத்து அழுத்தின கை இல்ல இது" என்றா, யாருக்கும் சொல்லாதது போல.

டொக்டர் அந்த இடத்தில் வெற்றி கொண்டாடியிருக்கலாம். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. "மாமி, இது தீர்ப்பு இல்ல. காய்ச்சலுக்குப் பிறகு வாற இந்தக் களைப்பு வருத்தத்த ஆராயிறவங்க இப்படியும் அளந்து பார்க்கிறாங்க, அவ்வளவுதான். இதுதான் வருத்தம் என்டு ஒரே சோதனையில சொல்ல உலகத்தில இன்னும் வழியில்ல. வேற வருத்தம் இல்லையெண்டும் பார்க்கணும், வேலை செஞ்ச அடுத்த நாள் ஆள் எப்படி விழுறாண்டும் பார்க்கணும்" என்றார். ஆம்னாவை அனுப்புவது பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. மாமியும் அதன்பிறகு பேசவில்லை. வாரத்தில் சில நாள் மாமியே இங்கு வந்து நிற்கத் தொடங்கினா.

காரணம் என்னவென்று டொக்டரிடம் நான் விடாமல் கேட்பேன். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு நோய் எதிர்ப்புச் சக்தி அடங்காமல் நிற்கிறதா, உடலின் நுண்ணிய கலங்கள் சக்தி உண்டாக்குவதில் பிழையா, நரம்பிலா, எல்லாம் சேர்ந்தா என்று ஆராய்கிறார்கள் என்பார். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து "எனக்குத் தெரியாது" என்பார். தனக்குத் தெரியாது என்று அவரளவு சுத்தமாகச் சொன்ன ஒரு டொக்டரை நான் கண்டதில்லை. ஒருமுறை புதிய இரத்தப் பரிசோதனை ஒன்றைப் பற்றிய செய்தியை என் கணவர் இணையத்தில் கண்டெடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் ஓடினார். அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "சுகமான ஆளையும் இவங்களையும் பிரிச்சுக் காட்டியிருக்கிறாங்க, நல்லது. தைரொயிட் வந்து களைச்ச ஆளையும் இவங்களையும் பிரிச்சுக் காட்டட்டும். அண்டைக்கு நானே கூட்டிப் போறன்" என்றார். நான் அழுதுவிட்டேன். "தெரியாது என்டா இல்லை என்டு அர்த்தமில்ல மகள். தேடுறாங்க" என்றார்.

அந்த நாள் வருமுன் அவர் போய்விட்டார்.

டொக்டரின் உடல் வைத்திருந்த மையத்து வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று நின்றேன். மாமி தடுக்கவில்லை. உள்ளே பெண்கள் நெருக்கியடித்துத் தரையில் அமர்ந்திருந்தார்கள். மாமி எங்கிருந்தோ ஒரு கதிரையைத் தூக்கி வந்து என்னை அமர்த்தினா. இளம் பிள்ளை கதிரையில் இருப்பதைப் பார்த்துப் புருவம் உயர்த்திய ஒருத்தியிடம், "இன்டைக்கு நல்லாத்தான் ஈப்பா. நாளைக்கு வந்து பாருங்க" என்றா. டொக்டரின் சொல், டொக்டரின் வீட்டில், என் மாமியின் வாயால். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் விழுந்தேன். பேனா பிடிக்கப் பல நாள் ஆனது. தாமதத்தின் கதை அவ்வளவுதான்.

அவருடைய மண்ணறையை இறைவன் வெளிச்சமாக்கி வைக்கட்டும். என்னிடம் எஞ்சியிருப்பது அவருடைய கேள்வி. சுகமில்லாதவரைப் பார்க்கப் போனால் நாம் எல்லோரும் "இப்ப எப்படி" என்றுதான் கேட்கிறோம். நான் இனி மற்றதைக் கேட்பேன். இதை எழுதியதற்கு நாளை என் உடம்பு கூலி கேட்கும். அதனால் மாமி மாம்புரியிலிருந்து நேற்றே வந்துவிட்டா. அடுத்த அறையில் ஆம்னாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறா. வாரி முடித்ததும் பிள்ளை என் கட்டிலுக்குத்தான் வரும்.